முருகன்குறிச்சி நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ்

ஜூலை 7, திங்கள்

நான் கல்லூரியில் பாடம் முடித்து வந்ததும் மாடியில் குடியிருக்கும் மணிராஜ் பிடித்துக்கொண்டார். மகள் பிரியதர்ஷினிக்கு ஞாயிற்றுக்கிழமை பூப்புச் சடங்காம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

“முருகன்குறிச்சி ஸ்டாப்புல பிளெக்ஸ் வைக்கேன் டீச்சர். பிள்ள நடுவுல, மாமன்மாரு சுத்தி.”

“வீட்டு வாசல்ல வச்சா போதாதா?”

“மலையில எங்கள யாரு பாத்தா? இங்கன நாலு பேரு பாக்கட்டுமே.”

 

ஜூலை 11

வைத்துவிட்டார். செத்தவர்கள், சமைந்தவர்கள், பதவிக்கு வந்தவர்கள் — இந்த ஊரில் எல்லோரும் அங்கே முகம் காட்டியாக வேண்டும் போல. பட்டுச்சேலையில் ஆளுயரப் பிரியதர்ஷினி. ஏழாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கு பஸ் ஏறுவதும் அதே இடத்தில்தான்.

ஜூலை 13

சடங்குக்குப் போனேன். சாப்பிட்டேன். வந்தேன்.

ஜூலை 15

நேற்று அழுதுகொண்டே திரும்பிய பிள்ளை இன்று பள்ளிக்குப் போகவில்லை. அவள் அம்மா முத்துராணி சொன்னாள்: “கூடப் படிக்கிற பய எவனோ பிளெக்ஸ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். வகுப்பே சிரிக்குதாம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல்: “அது அங்கன இருக்க வரைக்கும் நான் போமாட்டேன்.”

“ரெண்டு நாள்ல மறந்துருவானுவ,” என்றார் மணிராஜ். “ஊரே மெச்சுது, இவளுக்கு என்ன?”

ஜூலை 18

இன்றும் போகவில்லை. எனக்கு எதுக்கு இந்த வேல? ஆனாலும் கேட்டுவிட்டேன்: “அங்க நிக்கிற பயலுவ என்ன பேசுதானுவன்னு கேட்டீங்களா, மணிராஜ்?”

“தினம் அங்கனதான டீச்சர் ஆள் ஏத்துதேன்.”

“கேட்டீங்களா?”

ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 19

முத்துராணி வந்தாள். ஆட்டோவில் ஏறிய இரண்டு பையன்கள் பிளெக்ஸைக் காட்டி என்னவோ சொன்னார்களாம். மணிராஜ் பாதி வழியில் இறக்கிவிட்டாராம். என்ன சொன்னார்கள் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

பிளெக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது. மாமன்மார் சுற்றிச் சிரிக்கிறார்கள். நடுவில் பட்டுச்சேலை, அதற்கு மேலே வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பின்னாலிருக்கும் வேப்பமரம் தெரிகிறது.

சாயங்காலம் மணிராஜைக் கேட்டேன்.

“ஆடிக் காத்துல்லா டீச்சர். கிழிஞ்சிரும். அதான் ஓட்ட போட்டேன்.”

காற்றுக்கு ஓரங்களில்தான் பிறை பிறையாக வெட்டுவார்கள். 

“நல்லதுதான்,” என்றேன்.

காலையில் நான் கடந்து போனபோது பிரியதர்ஷினி பிளெக்ஸின் கீழே பையை மாட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.