தண்ணீர் நிற்காத குழி

அண்ணே,

நம் தேயிலைத் தோட்டத்தின் வரலாற்றில் இன்று ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. துரை காலைத் தேநீரை ஆறவிட்டு யோசித்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இனி எந்தக் காம்பராவிலும் அம்மி இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். ஆபீசு வாசலில் அம்மிகள் குவிந்து கிடக்கின்றன. கந்தப்பளை மழையில் நனைந்து அவை மிளகாயும் சீரகமுமாக மணக்க, நான் தும்மிக்கொண்டே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு அம்மி மட்டும் அங்கே இல்லை.

புதிய லயத்துக்கு இடம் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? காப்பிக் காலத்தில் பழம் உரித்த ஆலை நின்ற மேடு அது. ஆலை போய் ஐம்பது வருஷம். அதன் தொட்டிகளை மண் மூடி, மேலே புல் முளைத்திருந்தது. அங்கே கட்டினால் ஒரு தேயிலைச் செடியைக்கூடப் பிடுங்க வேண்டாம். அந்த ஒரு குணத்துக்காகவே நிலம் பாதி தேறிவிட்டது. மீதிப் பாதியைச் சோதிக்கத்தான் கணக்கப்பிள்ளையான உங்களை அனுப்பினார்கள். கிளாக்கரான நான் சாட்சி.

மார்பளவு குழி வெட்டி, சாயங்காலம் தண்ணீர் நிரப்பச் செய்தீர்கள். காலையில் குழி வெறுமையாகக் கிடந்தது. வெட்டிய மண்ணைத் திருப்பிப் போட்டால் போதவில்லை. அலவாங்குக் கம்பியை ஊன்றினீர்கள், அது கையை விட்டு நழுவி இறங்கியது.

"கிளாக்கரய்யா, இது நம்ம தொர தொண்ட மாதிரிங்க. எவ்வளவு ஊத்துனாலும் நிக்க மாட்டேங்குது."

துரை பின்னால் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வராது. கேட்க நன்றாக வரும்.

"தண்ணி நல்லா போறான். ரொம்ப நல்ல நிலம்."

"அடியில பொந்தா இருக்குங்க தொர. தொட்டிய தோண்டிப் பாத்துட்டுக் கட்டலாமுங்க."

துரை ரோட்டோரத்திலிருந்து சில கூடை மண் வரவழைத்துக் குழியை நிரப்பினார், குறை தீர்ந்தது. நிலத்தை இவ்வளவு அறிந்தவர் அதன் அருகிலேயே இருப்பதுதான் முறை என்று, லயம் எழும்பியதும், சரியாக அந்தக் குழியின்மேல் அமைந்த கடைசிக் காம்பராவை உங்களுக்குக் கொடுத்தார்.

பால் காய்ச்சிய அன்று உங்கள் மனைவி என்னிடம் முறையிட்டார்: "குழிமேல குடி வச்சிருக்காங்க, இவுக பல்லக் காட்டுறாக பாருங்க."

"வேணாமுன்னா வேலய நிப்பாட்டி பத்துச்சீட்டக் குடுத்து வெரட்டிருவாரு புள்ள. அத விரிச்சா படுக்கிறது?" என்றீர்கள்.

ஆடி மழையில் ஒரு விடியல், வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன், காம்பராவின் தரை உங்களோடும் அடுப்போடும் அம்மியோடும் உள்ளே போனது. மனைவியும் பிள்ளைகளும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். உங்களை மேலே எடுத்தோம், வேறொரு குழியில் அடக்கம் செய்வதற்காக. துரை எட்டிப் பார்த்து, "அம்மி ரொம்ப கனம்" என்றார், விசாரணை முடிந்தது. அம்மி கிடைக்கவில்லை. ஆகவே அதன் தரப்பைக் கேட்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குதிகாலால் தரையைத் தட்டிக் கேட்கிறேன். உங்களால் வந்த பழக்கம், விட முடியவில்லை. நேற்று உங்கள் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராவில் தட்டினேன். காலிப் பானை போல ஒலித்தது. உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் அதில்தான் குடிவைத்திருக்கிறார்கள்.