ஈரத்துக்கு இரண்டு கழித்து

ஜூலை 1, திங்கள்

விடியலிலிருந்து மழை. கூரை ஒழுகல், கீழே சட்டி. முதியோர் வகுப்பில் எழுதப் படித்து முடித்தபின், எழுதிப் பழக இது என் சொந்தக் கொப்பி. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை போடும் நேரம். ஆனாலும் என்ன சந்தோஷம்.

எழுதிப் பார்க்கிறேன்: பாக்கியம். என் மனைவி. தேயிலைக் கொழுந்து சுமந்த முதுகு.

அந்த முதுகுவலிக்காகக் கேகாலையிலிருந்து நர்ஸ் மிஸ் வாரம் ஒரு தடவை போனில் கோல் எடுப்பார். இன்றும் எடுத்தார். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். பாக்கியம் நாலு என்றாள். அப்படியானால் மாத்திரையைக் குறைக்கலாம், இனி மாதம் ஒரு கோல் போதும், அடுத்த திங்கள் கேட்டு முடிவு செய்வோம் என்றார்.

நாலா? தலை சீவக் கை தூக்க முடியவில்லை அவளுக்கு.

ஜூலை 4, வியாழன்

மழை. வாங்க: கருவாடு, சவர்க்காரம், தேங்காய்.

தண்ணீர் எடுக்கப் போனவள் வாளியைப் பாதி வழியில் வைத்துவிட்டு நின்றாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் தூக்கி வந்தாள்.

ஏன் நாலு என்று சொன்னாய் எனக் கேட்டேன்.

"எட்டுதாங்க. சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு கழிச்சேன்."

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கு எடை, இலை ஈரம் என்று கணக்கப்பிள்ளை கிலோக் கழிப்பது போல. நம் கூடையில் உள்ளதை அப்படியே யார் ஒத்துக்கொண்டார்கள்?

"அவங்க கழிக்கிறதுக்கு முந்தி நம்மளே கழிச்சிட்டா மரியாதைங்க."

எனக்குச் சொல்லும்போதும் கழித்தாயா என்று கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கினாள்.

ஜூலை 7, ஞாயிறு

வெள்ளி, சனி எழுதவில்லை. மனசு சரியில்லை.

ஜூலை 8, திங்கள்

வெயில். பாய் காயப்போட்டேன்.

மிஸ் கோல் எடுத்தார். பாக்கியம் வாய் திறக்குமுன் எட்டில் நாலு கழித்த கதையை நான் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் போனில் மிஸ் பாக்கியத்தைக் கூப்பிட்டார்.

"அம்மா, நான் நிறுக்க வரல்ல. எனக்கிட்ட ஒண்டும் கழிக்காமச் சொல்லுங்க."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"ஒம்பது மிஸ்."

எட்டு என்றல்லவா என்னிடம் சொன்னாள்.

மாத்திரை குறையாது. வாரக் கோல் தொடரும். வியாழன் கிளினிக்குக்கு அழைத்து வரச் சொன்னார், டாக்டரிடம் அவரே பேசுவாராம்.

போனை வைத்தபின் மெதுவாகக் கேட்டாள்.

"கூடச் சொல்லிட்டேனாங்க?"

இல்லை என்றேன். அவள் கையிலிருந்த சீப்பை வாங்கினேன். முடியில் சிக்கு நிறைய.