இரண்டாவது புள்ளி

நாற்காலியில் கிடக்கும் நம் ஜாக்கெட்டிலிருந்து இஞ்சி மிட்டாய் வாசனை வருகிறது. செங்காங் வீட்டில், இந்தச் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில், அதைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கிறது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

சிராங்கூன் சாலையில் இதை வாங்கிய நாளில், "நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போகப் போறதில்ல, எதுக்குடி ரெண்டு?" என்று கேட்டாய். உனக்கு இறுக்கம், எனக்குத் தொளதொள. குளிர்நாட்டுத் துகள் முடுக்கியில் நம் ஆய்வுக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் முதல் பாதிக்கு ஒருத்தி, மறுபாதிக்கு ஒருத்தி. திரும்பி வருகிறவள் சாங்கி விமான நிலையத்தில் புறப்பாட்டுக் கூடத்துக்கு ஏறிப்போய், கிளம்புகிறவளிடம் ஜாக்கெட்டைக் கொடுப்பாள். நீ கொடுத்தால் பாக்கெட்டில் இஞ்சி மிட்டாய் இருக்கும். "ஒரு தடவையாச்சும் நீ எனக்கு வச்சிருக்கியா?" என்று ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவாய்.

கனமான அணுக்களை ஓடவிட்டு மெல்லிய தகட்டில் மோதவைப்போம். சிதறும் துண்டுகளில், இதுவரை யாரும் பார்க்காத ஐசோடோப்பு இருக்கிறதா என்று தேடுவோம். ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு புள்ளியாக விழும்; ஒரே வகை அணுக்கள் கூட்டமாய்ச் சேரும். கண்ணிமைப்பதற்குள் அழிந்துபோகிற ஒன்றுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த இரண்டு பைத்தியங்கள் என்பார் உன் அம்மா.

ஒருநாள் அங்கிருந்து போன் செய்தாய். "திரையில ஒரு புள்ளி தனியா நிக்குதுடி. மத்த கூட்டத்தோட சேரல."

"மெஷின் ஏதாச்சும் உளறியிருக்கும் லா," என்றேன்.

"போய் வாயைக் கழுவு," என்று சிரித்தாய்.

நம் குழுத் தலைவர் சிரிக்கவில்லை. ஒரு புள்ளி தற்செயலாகவும் விழலாம், இன்னொன்று வந்தால்தான் கண்டுபிடிப்பு என்றார். அடுத்த முறைக்குள் புற்றுநோய் உன்னைப் படுக்கவைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் உனக்கு அதே கவலை. "ரெண்டாவது வந்துட்டா எங்கிட்ட சொல்லுடி. நான் எங்க இருந்தாலும் சொல்லு."

வரவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை இரண்டு பாதியும் நானே உட்கார்ந்திருந்தேன். தெரிந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாய் வந்தன. உன் புள்ளி நின்ற இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. இனி முடுக்கியில் நமக்கு நேரம் இல்லை, வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டுரையில் உன் புள்ளியைச் சேர்க்க முடியாது என்கிறார் தலைவர். கத்திப் பார்த்தேன். அவர் சொல்வது சரி என்று எனக்கே தெரிவதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நீ பார்த்தது நிஜமா, மெஷின் உளறலா? இனி யாரும் தேடப் போவதில்லை.

நேற்று சாங்கியில் இறங்கினேன். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் லிஃப்டில் ஏறி புறப்பாட்டுக் கூடத்துக்கே போய்விட்டேன். நாம் வழக்கமாகச் சந்திக்கும் தூணருகே நின்ற பிறகுதான் உறைத்தது. பாக்கெட்டுக்குள் கை விட்டேன். அங்கே விமானம் ஏறுவதற்குமுன், யாருக்கென்று யோசிக்காமலே ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய் வாங்கி உள்ளே போட்டிருக்கிறேன்.

இன்னும் அதில்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை.