முகத்துவாரத்தில் கேட்ட இரண்டாவது ஒலி

எவ்வளவு துடைத்தும் ஆய்வகத்தில் என் மேசையை விட்டு ஏரிச்சேற்றின் வாடை போகவில்லை. பத்து நாளுக்கு முன் உன் தம்பி சேகர் ஒரு ஈரச் சாக்கை இங்கே இறக்கிவைத்தான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். சாக்குக்குள் சிப்பி அப்பிய ஒரு குழாய்.

"நண்டு வலையில மாட்டுச்சிக்கா. எங்க அக்கா எழுத்து இதுல கீது" என்றான்.

மூடியைச் சுரண்டினேன். உன் கையெழுத்துதான். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தண்ணீருக்கடியில் அந்த மை மட்டும் அழியாமல் இருந்திருக்கிறது.

நாம் இருவரும் ஒரே வருஷம் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தோம். நான் மீனின் குடலை எடுத்துக்கொண்டேன், நீ மீனின் குரலை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், உன் குப்பத்துக்கு எதிரிலேயே, தண்ணீருக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டி இரண்டு வருஷம் சத்தம் சேர்த்தாய். துறைக் கூட்டத்தில், இதெல்லாம் யாருக்கு என்று கேட்டார்கள். நீ டீயைக் குடித்துக்கொண்டிருந்தாய்.

எல்லையில் பதற்றம் மூண்டு, கரையெங்கும் எச்சரிக்கை கொடுத்து, யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொன்ன அந்த நாட்களில், கேட்க ஆள் வந்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் நம் அறைக்கே வந்து உட்கார்ந்தார். முகத்துவாரத்தில் தினமும் பொழுது சாயும் வேளையில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்கிறது, நாலு நாளாக, தவறாமல். கீழே யாராவது ஏதாவது இறக்கியிருக்கலாம். தடையை மீறி அங்கே படகில் போன இரண்டு பேரைப் பிடித்து விசாரிக்கிறோம் என்றார். அதில் ஒருவன் சேகர். அவன் உன் தம்பி என்று நீயே முதலில் சொன்னாய்.

"அப்ப இந்த வேலையை வேற யாரையாவது..." என்று அவர் இழுத்தார்.

"அந்த எடத்துச் சத்தம் வேற யார்கிட்டயும் இல்ல சார். நான் எழுதறத இவங்க தனியா சரிபார்க்கட்டும்" என்று என்னைக் காட்டினாய்.

அன்று மாலை அதிகாரியோடு உன் குப்பத்துக்குப் போனோம். படகுகளெல்லாம் மணலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மீன் இல்லாத இடத்தில் காக்கையும் இல்லை. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அதிகாரி கரையில் இருந்துகொள்ள, நீயே படகைத் தள்ளினாய். முகத்துவாரத்தில் தண்ணீர் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. அப்போது அது தொடங்கியது. காதுக்கு முன்னால் அது என் உள்ளங்காலுக்குத்தான் வந்தது. பலகை வழியாக ஏறி முழங்காலில் நின்று அதிர்ந்தது. பெரிய கூட்டமொன்று வாயைத் திறக்காமல் ஒரே மூச்சில் முனகுவது போலிருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தாய்.

"நைனா இப்டித்தான் கேப்பாரு" என்றாய். பிறகு சிரித்தாய். "பன்னா மீனுடி. ஆயிரக்கணக்குல கீது. மோட்டார் சத்தம் இல்லாததால நம்ம காதுக்கு வருது. எப்பவும் இங்கதான் பாடிகினு இருந்திருக்குது."

மூன்று நாள் நாம் அறையை விட்டு நகரவில்லை. இரண்டு வருஷப் பதிவுகளில் படகோட்டத்தின் இரைச்சலை வடித்துவிட்டுப் பார்த்தால் அடியில் அதே முனகல். சந்தேகமே இல்லை, மீன்தான். உன் தம்பியும் கூடப் போனவனும் ஏற்கெனவே போட்டிருந்த நண்டு வலையை எடுக்கப் போனவர்கள், அவ்வளவுதான். அறிக்கையை முடித்துவிடலாம் என்று நான் எழுந்தபோது, "உக்காரு" என்றாய். தடை நாட்களில் பதிந்ததை ஓட்டி, காதுக்கருவியை என் தலையில் மாட்டினாய்.

முனகலுக்கு அடியில், வெகு ஆழத்தில், யாரோ கதவை நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம். டக். பன்னிரண்டு விநாடி கழித்து மறுபடி டக். அரை மணி நேரம், ஒரு விநாடி பிசகாமல். எந்த மீனும் அப்படிக் கணக்காகத் தட்டாது. தடை வருவதற்கு முந்தைய பதிவு எதிலும் அது இல்லை.

"இத எழுதினா உன் தம்பியை விடுவாங்களா?" என்று கேட்டேன்.

நீ அதை மறுபடி ஒருமுறை ஓட்டினாய். "எழுதாம வுட்டா நாளைக்கு யாரு என்னை நம்புவா? நானே நம்பமாட்டேன்."

முதல் ஒலி மீன்; இரண்டாவது என்னவென்று தெரியவில்லை. இப்படித்தான் எழுதினாய். ஒரே முடிவாகச் சொல்லுங்கள் என்று அதிகாரி வற்புறுத்தினார். "தெரியாததைத் தெரியும்னு சொன்னா அதுதான் சார் ஆபத்து" என்றாய். மறுநாள் சேகரையும் மற்றவனையும் விட்டார்கள். ஆனால் கரையெங்கும் தடை நீங்கிய பிறகும் முகத்துவாரத்தை மட்டும் மூன்று வாரம் மூடிவைத்தார்கள். தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. குப்பத்தில் அடுப்பு எரியவில்லை. கூடப் பொறந்தவனை வெளியே எடுத்துட்டு ஊரை உள்ளே வெச்சிட்டா என்று உன் காதுபடவே பேசினார்கள். சேகரும் உன்னோடு பேசுவதை நிறுத்தினான்.

முகத்துவாரத்தைத் திறந்த பிறகு நீ தனியாகப் போய் இன்னொரு கருவியை இறக்கிவிட்டு வந்தாய். அதை எடுப்பதற்குள் காய்ச்சல். ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் தெளிவாகக் கண்ணைத் திறந்து, "மொதல்ல ஊருக்குச் சொல்லியிருக்கணும்டி. வேற யாரோ சொல்லித் தெரிஞ்சிகினாங்க, அதான் தப்பு" என்றாய். அதற்குப் பின் நீ பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. சேகர் கடைசி நாள்தான் வந்தான். அப்போது உனக்கு நினைவு தப்பியிருந்தது.

அந்தக் கருவிதான் இப்போது என் மேசையில். சேகரை அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டிருக்கலாம். அவன் போக மறுத்தான். இரண்டு காதுக்கருவிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இறக்குவதற்கு முன் இடத்தையும் காற்றையும் வாயால் சொல்லிப் பதிவது உன் வழக்கமாயிற்றே, அதை நான் மறந்தே போயிருந்தேன். திடீரென்று காதுக்குள் நீ.

"முகத்துவாரம், வடக்குப் பக்கம். காத்து இல்ல. படகு எதுவும் இல்ல. கரையில சேகரு நிக்கிறான். நான் பாக்கலன்னு நெனைச்சிகினு நிக்கிறான்."

பிறகு தண்ணீர் மூடிக்கொள்ளும் சத்தம்.

சேகர் காதுக்கருவியைக் கழற்றவில்லை. "நான் ஒளிஞ்சிதான் நின்னேன்கா" என்றான். "தனியா போவுதே, இன்னா ஆவுமோன்னு..."

ஆறு வாரம் ஓடி பேட்டரி தீர்ந்திருக்கிறது. பழைய தட்டலின் வடிவத்தைக் கணினியில் தேடவிட்டேன். ஐந்தாவது வாரத்தில் அது மறுபடி வந்தது. டக். பன்னிரண்டு விநாடி. டக். இந்த முறை ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால், எங்கோ தொலைவிலிருந்து, மிக மெலிதாக, இன்னொரு தட்டல் பதில் சொன்னது. பட்டப்பகல், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, என் புறங்கை மயிர் எழுந்து நின்றது. சேகர் என் முகத்தைப் பார்த்தான். மறுபடி முகத்துவாரத்தை மூடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"எழுதுக்கா" என்றான்.

எழுதினேன். ஆய்வாளர் பெயரில் உன்னை முதலில் போட்டேன். அதிகாரிக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில், ஊருக்கு நானே சொல்கிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. "நாளைக்குக் காலைல எங்க ஆளுங்க வருவாங்க. அதுக்குள்ள சொல்லிடுங்க."

அன்று மத்தியானமே சேகரோடு போனேன். வலைக் கூடத்தில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். கைப்பேசியில் போட்ட பதிவில் அந்தத் தட்டல் வெளியே கேட்கவில்லை; வாயால் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. கூடத்து ஓரம் கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் பலகையை நகத்தால் தட்டினேன். பன்னிரண்டு எண்ணி மறுபடி தட்டினேன்.

கூடத்தின் பின்னால் ஒருவர் எழுந்தார். "இத நான் கேட்டுகிறேன்மா. வலை இழுக்கும்போது, படவு பலகையில."

"நானுந்தான்" என்றார் இன்னொருவர்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, நீ அங்க எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. எங்கள யாரு நம்புவா?"

எந்த நாள், எந்த இடம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். நாலு பக்கம். அவர்கள் சம்மதத்தோடு அதையும் அனுப்பினேன். தேடுகிறவர்கள் இந்த முறை முகத்துவாரம் முழுவதையும் மூடவில்லை. அந்த நாலு பக்கத்தில் குறித்திருந்த இடத்தை மட்டும் கயிறு கட்டி அடைத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அது என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குளித்துக்கொண்டிருக்கும்போது, வகுப்பில் பிள்ளைகள் எழுதும்போது, என்னை அறியாமல் பன்னிரண்டு எண்ணிவிடுகிறேன்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது இதைச் சொல்ல இல்லை. அன்று நான் கிளம்ப எழுந்தபோது, முகத்துவாரத்தை மூடியபோது உன்னை அதிகம் ஏசிய ஒரு அம்மாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள். சேகர் சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

"அந்தப் பொண்ணு பேசுதாமே அதுல" என்றாள். "எங்களுக்கும் ஒரு தபா போடு."

போட்டேன். நீ காற்று இல்லை என்று சொன்னாய். கரையில் சேகர் நிற்கிறான் என்றபோது எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் அவள் தலைப்பை விடாமல், "இன்னொரு தபா" என்றாள்.