கண்ணோரத்துப் பொன்மணி

ஜனவரி 12
பெரியண்ணே, சௌக்கியமா? நீ இருக்கிற இடத்திலும் பனி உண்டா? இங்கே மஞ்சூரில் உறைபனி விழுந்து மேல்காட்டுத் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. பனி என்றதும் அப்பாவின் கம்பளி ஞாபகம் வருகிறது, எலி கடித்தது — அது கிடக்கட்டும். தங்கச்சி ஆண்டாயி பெண் கேட்டு வந்தாள். என் மகள் சுகுணாவின் கண்ணோரத்தில் மஞ்சளாக ஒரு மணி வந்திருக்கிறது. அதைத் தடவி, "அப்பாவுக்கு இருந்துச்சு, பெரியண்ணனுக்கு இருந்துச்சு, என் மகன் ரமேஷ்குமாருக்கும் இருக்கு. பொன்மணியோட பொன்மணி சேரட்டும்" என்றாள்.

கடைசியாக நீ சாய்ந்த தேயிலைச் செடி மட்டும் கருகவில்லை. ஏன்?

ஜனவரி 20
சுகுணாவுக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் டாக்டர் ஸ்ரீமதி அவள் கண்ணைத்தான் பார்த்தார். "வேற யாருக்குங்க இது இருக்கு?" பெருமையாக அப்பாவையும் உன்னையும் சொன்னேன்.

"அவங்க இப்ப எங்கங்க?"

அப்பாவும் அப்புறம் நீயும் கொழுந்து எடுக்கையில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து அப்படியே போனதைச் சொன்னேன். காட்டு முனி அடித்ததுதான் என்று சொன்னேன். முனிக்குப் பொன் மேல் ஆசையாச்சே. அவர் சிரிக்கவில்லை. எனக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தார்.

ஜனவரி 29
அது பொன்னில்லை. கொழுப்பாம். ரத்தத்துக் கொழுப்பை ஈரல் இழுத்துக் கழிக்க ஒரு ஜீன் வேலை செய்யணுமாம். நம் வம்சத்தில் அது பழுது. எனக்கும் உண்டு, மணி மட்டும் வரவில்லை. தினம் மாத்திரை போட்டு ஓட்டலாம். ஆனால் பழுதுள்ள இரண்டு பேர் கட்டிக்கொண்டு, பிள்ளை இரு பக்கமும் வாங்கி வந்தால், பள்ளிக்கூட வயசிலேயே நெஞ்சு அடைக்கலாமாம்.

அப்ப உன்ன அடிச்சது யாருண்ணே?

ஜனவரி 30
முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல் காலையிலிருந்து என்னையே பார்க்கிறது.

பிப்ரவரி 4
ஆண்டாயியிடம் சொன்னேன். "அப்பா மூஞ்சியில இருந்தத நோய்ங்கிறியா? பொண்ணு தர மனசில்லைன்னா நேரா சொல்லு சின்னண்ணே. பெரியண்ணன் இருந்தா இப்படிப் பேசுவியா?"

சுகுணா குறுக்கே வந்தாள். "பெரியப்பா இருந்தா பேசவே வேணாம் அத்தை. அவருதான் இல்லையே."

ஆண்டாயி டீயைத் தொடாமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 26
ரமேஷ்குமார் வந்தான். குன்னூரில் ரத்தம் பார்த்திருக்கிறான். அவனுக்கும் உண்டு.

"உனக்கு எப்ப மாத்திரை?" என்று சுகுணாவைக் கேட்டான்.

"ராத்திரி சோத்துக்கப்புறம்."

"எனக்கும்."

"அதுல மட்டும் ஜோடியா இருப்போம் மச்சான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

மார்ச் 9
விடிந்ததும் வாசலில் ஆண்டாயி. முந்தானையை விலக்கி இடது கண்ணைக் காட்டினாள். அவளுக்கும் மணி அரும்பியிருக்கிறது. டாக்டரிடம் போக என்னையும் கூட வரச் சொல்கிறாள். பஸ் வரும்வரை எழுதுகிறேன். சேவலை முனி மரத்தடியில் அறுக்காமல் விட்டுவிட்டேன். நேற்று நீ சாய்ந்த செடிப் பக்கம் போனேன். யாரோ மூச்சு வாங்கும் சத்தம். முனியோ, நீயோ என்று திரும்பினேன், என் மூச்சுதான். அன்றைக்கு நீ யாரையாவது பார்த்தாயா பெரியண்ணே, இல்லை வெறும் உன்னோட — ஆண்டாயி கூப்பிடுகிறாள், பஸ்