சாக்கு முகமூடிப் படம்

31 ஒக்டோபர் 1991, வியாழன்

ஹலோவீனுக்கு வருசாவருசம் பேய்ப்படக் கசெட் எடுத்து வருவது சிவம்தான். நாட்டை விட்டு வந்தபிறகு நோர்பரியில் நானும் அவனும் ஒரே அறை. எவ்வளவு ரத்தம் ஓடினாலும் சிரித்துச் சிரித்துத்தான் பார்ப்பான். "இதெல்லாம் ஒரு பயமே, அண்ணை" என்பான்.

இன்றைய படத்தில் கொலைகாரனின் தலையில் ஒரு சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவன் திரையில் வந்ததும் சிவம் எழும்பிப் போய் வீடியோவை நிற்பாட்டினான்.

"இப்பிடித்தான் அண்ணை ஊரில காட்டிக்குடுத்தவனும் நிண்டவன். கோயில் வீதியில ஆமி எங்களை வரிசையா நடத்தினது. என்ர தம்பி முன்னால போகேக்கை சாக்குக்காரன் தலையாட்டினவன். உடன தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். பிறகு வரேல்லை."

"ஆரெண்டு தெரிஞ்சா என்ன செய்வாய்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"ஒண்டும் செய்யமாட்டன். ஏன் தலையாட்டினனீ எண்டு மட்டும் கேப்பன்."

இப்போது பக்கத்துக் கட்டிலில் நித்திரையாகிவிட்டான்.

படம் எடுத்தவர்களுக்கு அந்தச் சாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்ளே சீமெந்து மணக்கும். மூச்சு முட்டும். ஓட்டைகளுக்கால் பார்த்தால் எந்த முகமும் வடிவாகத் தெரியாது. ஆமியின் அடி எனக்குத் தாங்க ஏலவில்லை. அன்றைக்கு நாலு பேருக்குத் தலையாட்டினேன். அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என்னைச் சாக்கோடு நிறுத்தியதும் ஒரு கோயில் வீதியில்தான்.

எந்தக் கோயில் என்று சிவத்திடம் நான் கேட்கவில்லை.