ஒரு பக்கம் குறைந்த மாலை

புதுப்பாளையம், கடலூர்
19.8.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கையெழுத்து உனக்கு மறந்திருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நான், சிந்துஜா, அவள் அப்பா மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சிந்துஜாவுக்கு நாம் படித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே பி.பார்ம். இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் விட்டுவிட்டு வரும்போது ஆட்டோ கீழ சன்னதி வழியாக வந்தது. பூக்கடையில் நீ தலை குனிந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாய். முன்தலையில் முடி போய்விட்டதே அண்ணா. பக்கத்தில் இவர் இருந்ததால் நிறுத்தச் சொல்லவில்லை.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் நாம் கல்லூரிக்குப் போன நாட்கள் வழியெல்லாம் நினைவுக்கு வந்தன. சாயங்காலம் கண் சிவந்து வருவாய். கேட்டால் பஸ் தூசி என்பாய். உட்கார்ந்தால் ஏழெட்டு தோசை உள்ளே போகும். “அம்மா, இன்னைக்கு உன் சட்னியில என்னமோ இருக்குதும்மா” என்று சிரிப்பாய். அம்மா பூரித்துப்போய் மறுநாள் இன்னொரு தேங்காய் சேர்த்து அரைப்பாள். அந்தப் பசியும் சிரிப்பும் கஞ்சா கொடுத்தவை என்பது உன் சட்டைப் பையில் பொட்டலம் அகப்பட்ட அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு ஆத்திரம் தாங்காமல் ஒரு வாய்ப் புகையிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிள்ளையை அவ்வப்போது பார்த்துக்கொள். இவருக்குத் தெரிய வேண்டாம். உன் பேரை எடுத்தாலே சாமியாடுவார். பதிலை நூலக விலாசத்துக்கு எழுது. அங்கே நூலகரும் நான்தான், தபால் பிரிப்பவளும் நான்தான்.

உன் தங்கை,
அமராவதி


கீழ சன்னதி, சிதம்பரம்
2.9.2007

தங்கச்சி அமராவதிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. என் கண் சிவந்தால் இந்தத் தெரு வேறு மாதிரி நினைக்கும். பழைய பேர் அப்படி.

நான் தேடிப் போவதற்குள் சிந்துஜாவே கடைக்கு வந்துவிட்டாள். அச்சு அசல் நீதான். வாய் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை.

“நீங்கதானே சடையப்பன் மாமா? இன்னும் கஞ்சா அடிக்கிறீங்களா?”

பக்கத்துக் கடைத் தில்லையம்மாள் கையிலிருந்த மல்லிகைப் பந்தைக் கீழே போட்டுவிட்டாள்.

“உட்டு ரொம்ப வருஷமாச்சு பாப்பா.”

“ஏன் உட்டீங்க?”

“மாலை ஒரு பக்கம் கொறஞ்சு போச்சு.”

நிஜம்தான் அமராவதி. கட்டிக்கொண்டே இருப்பேன், எங்கே விட்டேன் என்பது மறந்துவிடும். ஒரு முகூர்த்த மாலையில் ஒரு பக்கம் அரை முழம் குறைந்துபோனது. மணமேடையில்தான் பார்த்திருக்கிறார்கள். சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டார் கடை வாசலில் வந்து அழுதார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சமயத்தில் வேறொன்றும் இருந்தது. ஆளில்லாத இடத்தில் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்கும். தில்லையம்மாள் புருஷன் சபாபதிதான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மெல்ல மெல்ல விட்டேன். இப்போது என் பேரை ஆட்கள்தான் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. போகும்போது ஒரு முழம் மல்லி வைத்து அனுப்பினேன்.

சடையப்பன்


கடலூர்
14.3.2010

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் திதி முடிந்தது. படையலில் வழக்கம்போலச் சித்தப்பா மகன் இளவரசு புகையிலைப் பொட்டலத்தை வைத்தான். அவருக்குப் பிடித்ததாம். கன்னத்தில் புற்று வந்து, வாய் திறக்க முடியாமல், கடைசியில் குழாய் வழியே கஞ்சி குடித்த மனிதர். அப்போதும் உன் பேச்சு வந்தால் கையை உதறி, போதைக்காரன் என்று ஜாடை காட்டினார். பொட்டலத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எல்லோரும் நின்றிருந்தார்கள், கை வரவில்லை.

இவருக்குக் காமாலை. கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது, இனி ஒரு சொட்டும் கூடாது என்கிறார் டாக்டர். நான் எடுத்துச் சொன்னால், “நான் என்ன உங்கண்ணன் மாதிரி கஞ்சாவா இழுக்குறேன்? கவர்மெண்டு சீல் வெச்ச சரக்குடி. ஒடம்புக்கு ஆவாதுன்னா அவுங்க ஏன் கடை தொறந்து விக்கிறாங்க?” என்கிறார்.

நல்ல மனுஷன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதுநகர் போய் எறா வாங்கி வந்து, என் கை நாறக் கூடாது என்று தானே உரித்துத் தருவார். சிப்காட்டில் வேலை முடிந்து சாயங்காலம் திரும்பும்போது மட்டும் வேறொருவர் வருகிறார்.

நீ உண்மையைச் சொல். எது மோசம்? நூலகத்தில் இருக்கும் புத்தகங்களில் கஞ்சாவுக்கு மண்டை ஓடு போட்டிருக்கிறார்கள். மதுவுக்கு ‘அளவோடு’ என்று எழுதியிருக்கிறார்கள். நீ அதனோடு இருந்து பார்த்தவன். நான் இதனோடு குடும்பம் நடத்துகிறவள்.

அமராவதி


சிதம்பரம்
28.3.2010

அமராவதிக்கு,

உன் கேள்வியைச் சிந்துஜாவிடமே கேட்டேன். சாமந்தி ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

“ஜனங்கள ஜாஸ்தி சாகடிக்கிறது புகையிலைதான் மாமா. அப்புறம் சாராயம். கஞ்சா அந்த அளவுக்கு ஆளக் கொல்றதில்ல. ஆனா அதுங்கள எத்தினி பேரு தொடுறாங்க, இத எத்தினி பேரு தொடுறாங்கன்னும் பாக்கணும் இல்ல? சின்ன வயசுல பழகுனா இது நெனப்பக் கெடுக்கும். சில பேருக்குப் புத்தியே பேதலிச்சுடும். பொகை எதுவா இருந்தாலும் நெஞ்சுக்கு ஆவாது.”

“அப்ப நான் கொஞ்சம் நல்லதாத்தான் புடிச்சிருக்கேன்” என்றேன்.

“நீங்க பொழச்சது உட்டதால. கஞ்சாவுக்கு மார்க்கு போடாதீங்க. கல்லீரலுக்கு லைசென்சு கடை எது, திருட்டுக் கடை எதுன்னு தெரியுமா மாமா?”

அவள் சொன்னது படிப்பு. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அது என் உயிரை எடுக்கவில்லை. ஆனால் வாலிபத்தில் பாதி எங்கே போயிற்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மாவின் குரலை நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. சட்னியின் ருசிதான் வருகிறது.

மாப்பிள்ளையிடம் என்னை உதாரணம் காட்டாதே. ரோஷத்தில் இன்னும் குடிப்பார். ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் ஜன்னி கண்டு ஆபத்தாகுமாம். டாக்டர் பார்வையில் நிறுத்தச் சொல் என்கிறாள் உன் மகள்.

சடையப்பன்


கடலூர்
6.11.2011

அன்புள்ள அண்ணனுக்கு,

சிந்துஜாவுக்கு மாசியில் கல்யாணம். இந்த வரியை எத்தனை முறை மனதுக்குள் உனக்கு எழுதிப் பார்த்தேனோ.

பையன் பெயர் திருநாவுக்கரசு, நெய்வேலியில் வேலை. பெண் பார்க்க வந்த அவன் அத்தை, “எங்க புள்ளைக்குக் கெட்ட பழக்கமே கெடையாது. பிரெண்டுங்க கூட எப்பவாச்சும் ரெண்டு பீரு, அவ்ளோதான்” என்றாள். இவர் பெருமையாகத் தலையாட்டினார். சிந்துஜா காபித் தட்டை வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவர்கள் போனதும் அவள் அப்பாவிடம் உடைத்தே கேட்டுவிட்டாள். “சடையப்பன் மாமா மாலை போட்டாத்தான் நான் மேடை ஏறுவேன்.”

“கஞ்சாக்காரன் மாலைய என் பொண்ணு போட்டுக்குவாளா?”

“அவரு உட்டு இருவது வருஷம் ஆச்சு. நீங்க ஆறே மாசம் நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சீங்க.”

அண்ணா, பெண்ணைக் கை நீட்டி அடித்தார். பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து அழுததும் அவர்தான். கடைசியில், தாய்மாமன் முறைக்கு இளவரசு நிற்பது என்று முடிவானது. நான் அங்கேதான் இருந்தேன். காபித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அமராவதி


சிதம்பரம்
15.11.2011

அமராவதிக்கு,

பிள்ளையை அடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றதெல்லாம் பழகியதுதான்.

தாய்மாமன் மாலையை நான் கட்டி முதல் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். இளவரசு கையால் போடட்டும். யார் கட்டியது என்று மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். இந்த ஊரில் எத்தனையோ பெண்களுக்குக் கட்டியிருக்கிறேன், ஒருவர் வீட்டு மேடையிலும் ஏறியதில்லை. அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறேன்.

சடையப்பன்


கடலூர்
8.2.2012

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்தி போல இளவரசு போனில் சொன்ன செய்தி உனக்கு வந்து சேர்ந்திருக்கும். நான் எழுதினால்தான் உனக்கு நடந்தது புரியும்.

தானே புயல் அடித்த பிறகு தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. முறிந்த வேப்பமரம் வாசலை அடைத்துக் கிடந்தது. முனையிலிருந்த மதுக்கடை மட்டும் மெழுகுவத்தி ஏற்றி வியாபாரம் செய்தது. வேலைக்குப் போக வழியில்லாத மனுஷன் பகலிலேயே போனார். பொங்கல் கழித்து ரத்தமாக வாந்தி. ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முன்னால் என்னைக் கேட்டார்: “சடையப்பன் நல்லாத்தான இருக்கான்?” நல்லாத்தான் இருக்குது என்றேன். “அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது, இன்னும் யோசிக்கிறேன்.

இன்னும் ஐந்து நாளில் கருமாதி. படையலுக்கு அவர் அண்ணன் ஒரு பாட்டிலும் சிகரெட்டும் வாங்கி வந்து மாடத்தில் வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் ஊற்றிவிட்டேன். இந்த முறை கை வந்தது. எறா வறுத்து வைப்பேன். அவருக்கு அதுவும் பிடிக்கும்.

எனக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட வேண்டும். அதற்கு இளவரசு போதாதாம். “கூடப் பொறந்தவன்தான் வரணும். அவன் எப்பிடி இருந்தா என்ன இப்ப? கூப்பிடு” என்கிறார் அவர் அண்ணன். மகள் கல்யாண மேடைக்கு ஆகாத நீ, எனக்குக் கோடி போடுவதற்கு மட்டும் இவர்களுக்கு வேண்டியவனாகிவிட்டாய்.

நீ வராதே அண்ணா. கோபித்துக்கொள்ளாதே. நான் வாழ்ந்த இந்த வீட்டுக்குள் நீ ஒரு தடவைகூட வந்ததில்லை. முதல் தடவையாக வாசற்படி ஏறும்போது உன் கையில் கோடி இருக்கக் கூடாது. அதை இளவரசு போட்டால் போதும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளியிருக்கிறோம். சிந்துஜா அந்தப் பையனிடம் என்ன கேட்டாளோ, அவன் என்ன சொன்னானோ, எனக்குத் தெரியாது. சம்மதம் என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு என்னை முன்னால் நிற்க விடமாட்டார்கள். நீ நில். மாலையை பஸ்ஸில் அனுப்பாதே, கையோடு கொண்டு வா. அவள் உயரம் உனக்குத் தெரியும், அளவு கேட்க மாட்டாய்.

முதல் நாளே வந்துவிடு. தோசைக்கு அரைத்து வைக்கிறேன். அம்மாவின் சட்னி எனக்குச் சரியாக வருவதில்லை. நீ ருசி பார்த்து என்ன குறை என்று சொல்ல வேண்டும்.

மாலை ஒரு பக்கம் குறைந்துபோனாலும் பரவாயில்லை. சகுனம் சொல்லி உன்னை வெளியே நிறுத்த இந்த வீட்டில் இனி யாரும் இல்லை.

உன் தங்கை,
அமராவதி